களஞ்சியத்தில் ஒரு கட்டில்

அசோலோவில் எங்களுக்குக் கொடுத்த அறையின் ஜன்னல் முழங்கால் உயரத்தில் இருந்தது. வெளியே பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கட்டிலில் படுத்தபடி தலையைத் திருப்ப வேண்டும். மனிதர் எட்டிப் பார்க்க வைத்த ஜன்னல் அல்ல அது. கோதுமையும் மக்காச்சோளமும் கொட்டி வைத்திருந்த மேல்மாடத்துக்குள் காற்று நுழைய வைத்தது. தரையை ஒட்டிக் காற்று ஓடினால்தான் தானியம் பூஞ்சை பிடிக்காது என்றார் வீட்டுக்காரர். ஊரில் எல்லோரும் அவரை 'சிஞ்ஞோரா' என்றார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். வீட்டுக் கணக்கைத் தாராளமாக எழுது, பெயரையும் விலாசத்தையும் மட்டும் எழுதாதே என்பது அவர் போட்ட நிபந்தனை.

வெனிசிலிருந்து ரயிலில் கஸ்தெல்ஃப்ராங்கோ வந்து, அங்கே பேருந்து பிடித்தால், இத்தாலியின் வெனெட்டோ சமவெளி முடிந்து மலைகள் எழத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அசோலோ. சுற்றுப்பட்டு எல்லாம் சேர்த்தே ஒன்பதாயிரம் பேர் இருப்பார்கள். குன்றின் உச்சியில் ஒரு பழைய கோட்டை, கீழே வளைவுத் தாழ்வாரங்களின் நிழலிலேயே நடந்துவிடக்கூடிய தெரு, நடுச் சதுக்கத்தில் ஒரு நீரூற்று. 1489-இல் சைப்பிரஸ் அரசி கத்தரீனா கொர்னாரோவிடமிருந்து தீவைப் பறித்துக்கொண்ட வெனிஸ் குடியரசு, ஆறுதலுக்கு இந்தக் குன்றைக் கொடுத்தது. ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரவுனிங் தன் கடைசித் தொகுப்புக்கு இந்த ஊரை வைத்துத்தான் பெயரிட்டார். 1889 டிசம்பர் 12 அன்று புத்தகம் வெளிவந்தது, அன்றே வெனிசில் இறந்துபோனார். நடிகை எலியோனோரா தூசேயும், நூறு வயதுவரை வாழ்ந்து அரபு நாடுகளையும் பாரசீகத்தையும் சுற்றி எழுதிய ஃபிரேயா ஸ்டார்க்கும் இங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். அசோலோவைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இவர்களைத் தாண்டிப் போவதில்லை. நாங்களும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், சைப்ரஸ் மர நிழலில் சற்று நேரம் நின்றோம், வந்துவிட்டோம். எனக்கு அந்த வீடுதான் வேண்டியிருந்தது.

வெனெட்டோவின் வில்லாக்களை மாளிகை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் நாளே குழம்பிப்போவார்கள். முன்பக்கம் தூணும் முக்கோண முகப்பும் கோயில் மாதிரி நிற்கும். பக்கவாட்டில் நீளும் வளைவுத் தாழ்வாரத்தில் டிராக்டர் நிற்கும். இரண்டும் சேர்ந்ததுதான் வில்லா. பக்கவாட்டில் நீளும் அந்தத் தாழ்வாரத்துக்கு 'பர்கெஸ்ஸா' என்று பெயர்: வண்டி, கலப்பை, வைக்கோல், மது மிடாக்கள் எல்லாம் அதற்குள். வீட்டின் மேல்தளம் முழுவதும் களஞ்சியம். நடுவில், கீழ்த்தளத்தில் மட்டும், முதலாளி குடியிருப்பார். அதுவும் பெரும்பாலும் அறுவடைக் காலத்தில் மட்டும். மேலே குவியும் தானியத்தின் எடையைக் கீழே இருப்பவரின் கூரைதான் தாங்க வேண்டும். எங்கள் அறைத் தரையைத் தாங்கும் உத்தரங்கள் அவ்வளவு பருமனாக இருந்ததற்கு அதுவே காரணம்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதும் வெனிசின் மிளகு வணிகம் படுத்துவிட்டது, அதனால்தான் வெனிஸ் பிரபுக்கள் கப்பலை விட்டு நிலத்துக்கு வந்தார்கள் என்று பள்ளிப் பாடம்போல ஒரு கதை உண்டு. நம் கடற்கரைக்கும் அதில் பங்கு இருப்பதால் நமக்கும் அது பிடிக்கும். பாதிதான் உண்மை. முதல் சில ஆண்டுகள் பலத்த அடி விழுந்தது. ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே மிளகு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா வந்து, பழையபடி வெனிஸ் கிடங்குகளை நிரப்பத் தொடங்கிவிட்டது. அவர்களை நிலத்துக்கு இழுத்தது தானிய விலை. ஜனம் பெருகியது, கோதுமை விலை ஏறியது, துருக்கியரோடு சண்டை மூண்டால் கிழக்கிலிருந்து கோதுமைக் கப்பல் வராது. 1556-இல் குடியரசு தரிசு நிலங்களுக்கென்றே ஓர் அதிகார சபையை அமைத்தது. சதுப்பை வடிக்க, வாய்க்கால் வெட்ட, ஆற்று நீரைப் பங்கிட அந்தச் சபையின் அனுமதி வேண்டும். பிரபுக்கள் கடலில் போட்ட பணத்தைச் சேற்றில் போட்டார்கள். போட்ட பணத்தைக் கண்காணிக்கப் பக்கத்திலேயே ஒரு வீடு வேண்டியிருந்தது.

அந்த வீட்டுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதல்வர் ஆந்திரேயா பல்லாடியோ. 1508-இல் பாதுவாவில் பிறந்த கல்தச்சர். 1570-இல் அவர் வெளியிட்ட நான்கு கட்டடக்கலை நூல்களில் இரண்டாவதைப் படித்தால் கலை விமர்சனத்தைவிடப் பண்ணை நிர்வாகமே கண்ணில் படும். மழையோ வெயிலோ தடுக்காமல் முதலாளி எல்லா இடத்துக்கும் கூரைக்கடியிலேயே போய்வர வேண்டும் என்கிறார். உழவு மாட்டுத் தொழுவத்தை, சாணி நாற்றம் வராதபடி, வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டச் சொல்கிறார்.

அசோலோவுக்குப் பக்கத்து ஊர் மாசேர். அங்கே பார்பரோ சகோதரர்களுக்குப் பல்லாடியோ கட்டிய வில்லா இருக்கிறது. சுவர் ஓவியங்கள் பாவ்லோ வெரோனேசே வரைந்தவை. உள்ளே நுழையும்போது காலணிக்கு மேலேயே கம்பளிச் செருப்பு மாட்டிவிடுகிறார்கள்; தரையைத் தேய்க்காமல் வழுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். பாதி திறந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். அவளும் ஓவியம், கதவும் ஓவியம். கூடங்களின் வரிசையில் ஒரு கோடியில் வேட்டையிலிருந்து திரும்பும் ஒருவர், நாய்களோடு. வெரோனேசே தன்னையே வரைந்துகொண்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எல்லாம் அற்புதம்தான். ஆனாலும் எனக்கு அதிகம் பிடித்தது பின்கட்டுத் தண்ணீர். மலையடியில் ஊறும் சுனை முதலில் சிலைகள் சூழ்ந்த குளத்தில் விழுகிறது. அதில் மீன் வளர்த்தார்கள். குளத்திலிருந்து சமையலறைக்கு. சமையலறையிலிருந்து இருபக்கத் தோட்டங்களுக்கு. அங்கிருந்து சாலையோரத் தொட்டிகளுக்கு, வழிப்போக்கரின் மாடு குடிக்க. மிச்சம் பழத்தோட்டத்துக்கு. விட்ருவியஸை மொழிபெயர்த்த அறிஞர் டானியெலே பார்பரோவின் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சும்மா இருந்ததில்லை. இன்றும் அங்கே ஒரு குடும்பம் வசிக்கிறது. டிக்கெட்டும் விற்கிறார்கள், சொந்தத் திராட்சையின் மதுவும் விற்கிறார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டுக்கு இந்தப் பெருமையெல்லாம் கிடையாது. வெனெட்டோவிலும் பக்கத்து ஃப்ரியூலியிலும் வில்லா என்று பட்டியலான கட்டடங்கள் 4,000-க்கு மேல்; யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பல்லாடியோவின் வில்லாக்கள் 24. மீதியுள்ளவற்றில் எந்த வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் 'பல்லாடியோவின் சீடர் கட்டியது' என்பார்கள். அத்தனை சீடர்கள் இருந்திருந்தால் பல்லாடியோவுக்குச் சோறு போட்டே கட்டியிருக்காது. சிஞ்ஞோரா அப்படி எதுவும் சொல்லவில்லை. "பதினேழாம் நூற்றாண்டு. யாரோ ஊர்க் கொத்தனார். சமையலறைப் புகைபோக்கியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டார்" என்று முடித்துக்கொண்டார்.

வாசலிலிருந்து பின்கட்டுவரை நேராக ஓடும் நீளக் கூடம். இருபுறமும் இரண்டிரண்டு அறைகள். தரை வெனிஸ் பாணி: பளிங்குச் சில்லுகளைச் சுண்ணாம்பில் பதித்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, ஆளிவிதை எண்ணெய் ஊட்டியது. மழை நாளில் அந்த எண்ணெய் வாசனை லேசாக எழும்பும். கூடத்தின் நடுவில் தரை ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. வீட்டுப் பேரன் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வாசற்படி ஓரம் வைத்தான். அது மெல்ல உருண்டு கூடத்தின் மையத்துக்குப் போய் நின்றது. விருந்தாளிகள் அனைவருக்கும் இதைச் செய்துகாட்டுவது அவன் பொறுப்பு. ஜன்னல்களுக்கு உட்புறம் கனமான மரக்கதவு. பகல் பன்னிரண்டுக்கு எல்லாவற்றையும் சாத்தி, மாலை ஆறுக்குத் திறப்பார்கள். வெயில் நாளிலும் குளிர்சாதனம் இல்லாமல் அந்த வீடு சமாளிப்பது இதனால்தான். அறைக்குள் வெளிச்சம் வேண்டும் என்று என் மனைவி முதல் நாள் மதியம் ஒரு கதவைத் திறந்து வைத்தாள். சிஞ்ஞோரா ஒரு வார்த்தை பேசாமல் படியேறி வந்து சாத்திவிட்டுப் போனார்.

சுவர்களில் முன்னோர் படங்கள் இல்லை. இவர்கள் பிரபு வம்சம் அல்ல. பிரபுவின் காரியஸ்தர் வம்சம். 1797-இல் நெப்போலியன் வெனிஸ் குடியரசை முடித்துவைத்தபின், பழைய குடும்பங்கள் பல கடனில் மூழ்கின. ஊருக்கு வராத முதலாளிக்காகப் பல தலைமுறையாகப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர், ஒரு நாள் அதை விலைக்கு வாங்கினார். வெனெட்டோவில் அதிசயமில்லாத கதைதான். ஓவியங்களுக்குப் பதிலாக இந்த வீட்டில் மிஞ்சியவை கணக்குப் புத்தகங்கள். கூடத்து அலமாரியில் தோல் அட்டைபோட்டு வரிசையாக நிற்கின்றன. சிஞ்ஞோரா ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். 1880-களின் ஒரு பக்கம். வாரத்துக்கு உழுத ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை: கோதுமை இவ்வளவு, திராட்சையில் பாதி, பட்டுக்கூட்டில் பாதி. ஓரத்தில் சிறு எழுத்தில் கிறிஸ்துமஸுக்குச் சேவல் இரண்டு, ஈஸ்டருக்கு முட்டை இத்தனை என்று முதலாளி வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய 'மரியாதை'. பாக்கி வைத்தவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு.

கோதுமை மேலே போனது, உழுதவருக்கு மக்காச்சோளம் மிஞ்சியது. எங்கள் முதல் இரவுச் சாப்பாடு அந்த மக்காச்சோளம்தான். சிஞ்ஞோராவின் தாயார், தொண்ணூறை நெருங்கும் நோன்னா, செம்புக் கொப்பரையில் வெள்ளை மக்காச்சோள மாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும். எங்களையும் முறைபோட்டுக் கிண்டச் சொன்னார், பிறகு எங்கள் கிண்டலில் நம்பிக்கை இழந்து துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். களி இறுகியதும் வட்டப் பலகையில் கவிழ்த்தார். கத்தி வைப்பதில்லை. பருத்தி நூலை அடியில் நுழைத்து, இரு முனையையும் மேலே இழுத்து, துண்டு துண்டாக அறுத்தார். கூடவே கொழுப்புத் தெரியும் 'சொப்ரெஸ்ஸா' என்கிற தடித்த பன்றித் தொத்திறைச்சி, வாட்டிய கசப்புக் கீரை, சிஞ்ஞோராவின் அண்ணன் தோட்டத்துப் புரொசெக்கோ மது. அவ்வளவு ருசி.

பொலெந்தா என்கிற இதே களியை மூன்று வேளையும், வேறெதுவுமில்லாமல், ஆண்டுக்கணக்காகத் தின்றவர்கள் செத்தார்கள். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளத்தைக் கொண்டுவந்த ஐரோப்பியர், அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்ணும் பழங்குடி முறையைக் கொண்டுவரவில்லை. அப்படி வேகவைக்காவிட்டால் அதிலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேராது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், கடைசியில் புத்தி பேதலிக்கும். பெல்லாக்ரா என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று வெனெட்டோ. வெனிஸ் காயலில் சான் செர்வோலோ தீவிலிருந்த மனநோய் விடுதிக்கு இந்த வயல்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். வியாதி பிடிக்காதவர்கள் கப்பல் ஏறினார்கள். 1875-லிருந்து பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே தோ சுல்லில் போய்க் குடியேறியவர்களில் வெனெட்டோக்காரர்களே மிகுதி.

புத்தகத்தில் படித்திருந்த இந்த விஷயம் மறுநாள் காலை உணவு மேசையில் நேரில் வந்து உட்கார்ந்தது. களஞ்சியத்தின் மறுகோடி அறையில் தங்கியிருந்த தம்பதி பிரேசில்காரர்கள். அந்த அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கணவர் திராட்சை விவசாயி. அவருடைய கொள்ளுத்தாத்தா இந்தக் குன்றுகளிலிருந்து போனவர். பங்குக் கோயில் பதிவேட்டிலிருந்து ஞானஸ்நானச் சான்றின் நகல் எடுத்துவந்திருந்தார்கள். குடியுரிமைக்கா என்று கேட்டேன். இல்லை, 2025-இல் வந்த சட்டத்தில் தாத்தா பாட்டிக்கு மேல் காட்டினால் செல்லாது, சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்றார் அந்த அம்மாள்.

நோன்னா காப்பி கொண்டுவந்தார். அவருக்கு வெனெட்டோ வட்டார மொழிதான் சரளம். இத்தாலிய மொழியே அவருக்கு ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் போல. பிரேசில் கணவர் நன்றி சொல்லிவிட்டு ஏதோ ஒரு வாக்கியம் பேசினார். நோன்னா கெட்டிலைக் கீழே வைத்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். குடியேறிகளின் பிள்ளைகள் பிரேசிலில் இன்றும் பேசும் 'தலியான்', பழைய வெனெட்டோ மொழிதான். 2014-இல் அந்நாடு அதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. நோன்னா தன் பாட்டிக்குப் பிறகு யார் வாயிலும் கேட்காத வார்த்தைகளைத் தாடி வைத்த ஒரு பிரேசில்காரர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் அரை மணி நேரம் எங்களுக்கு யாரும் காப்பி ஊற்றவில்லை.

பேச்சு எப்படியோ கணக்குப் புத்தகத்துக்கு வந்தது. சிஞ்ஞோராவுக்குக் கொஞ்சம் தயக்கம். ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். பிரேசில் தம்பதியின் குடும்பப் பெயர் மூன்று வரிசையில் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அதே பெயர். கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் இல்லை; வேறு பண்ணையில் இருந்திருக்கலாம். கணவர் விரலை வைத்து சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். நோன்னா அவரைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்று சொன்னார். சிஞ்ஞோரா மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்: "என் புருஷனோட தாத்தா நல்ல மனுஷர் இல்லை என்கிறார்கள் அம்மா."

"நல்ல மனுஷராக இருந்திருந்தால் எங்கள் ஆட்கள் இங்கேயே இருந்திருப்பார்கள்" என்றார் பிரேசில்காரர். "எங்களுக்கு அங்கே இருபது ஹெக்டேர் கிடைத்திருக்காது." நோன்னா சிரித்தார். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. அண்ணனின் திராட்சைத் தோட்டம் அவ்வளவு பெரிதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வாரச் சாகுபடி இத்தாலியில் அண்மைக் காலம்வரை இருந்தது. 1964-இல்தான் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்தது. அதற்குள் உழுதவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள், களஞ்சியங்கள் காலி. இந்த வட்டாரத்தில் வில்லாக்கள் எவ்வளவு பாழாகிக் கிடக்கின்றன என்று ஜுசெப்பே மட்சோத்தி என்பவர் 1952-லேயே திரெவீசோவில் ஒரு கண்காட்சி வைத்து ஊரை உலுக்கியிருந்தார். வைக்கோல் அடைத்த ஓவியக் கூடங்கள், கூரை விழுந்த முகப்புகள். 1985-இல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்று தனிச் சட்டம் வந்ததும், நிலம் வைத்திருப்பவர் வீட்டில் விருந்தாளிகளை ஏற்க வழி பிறந்தது. சிஞ்ஞோரா களஞ்சியத்தைத் தடுத்து நான்கு அறையாக்கினார். "முன்னே மேலே சோளம் வந்தது. அப்புறம் பட்டுப்புழு. இப்போது நீங்கள்" என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. எங்கள் கடவுச்சீட்டு விவரங்களைக் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் கணினியில் தட்டிக்கொண்டே சொன்னார்.

அவருக்குப் பெரிய தலைவலி பாகப்பிரிவினை. வெனிஸ் காலத்துக் குடும்பங்கள் இதற்கு ஒரு கொடூரமான தீர்வு வைத்திருந்தன: அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு மட்டும் கல்யாணம், பெண்களில் பலர் கன்னிமடம், சொத்து உடையாது. இன்றைய இத்தாலியச் சட்டத்தில் பிள்ளைகளைத் தவிர்த்து உயில் எழுத முடியாது. மனைவியும் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருந்தால் சொத்தில் பாதி பிள்ளைகளுக்கு, கால் பங்கு மனைவிக்கு; மீதிக் கால் பங்குதான் எழுதுபவர் இஷ்டம். சிஞ்ஞோரா, திராட்சை பார்க்கும் அண்ணன், மிலானில் இருக்கும் தங்கை, மூவருக்கும் இந்த வீட்டில் பங்கு. தங்கைக்கு விற்றுவிட ஆசை. வெளிநாட்டுப் பணக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விற்றால் ஓட்டல் ஆகும், நீச்சல் குளம் வரும், நோன்னாவின் கொப்பரையை அலங்காரத்துக்கு ஆணியில் மாட்டுவார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. அறை வாடகை கொடுத்த விருந்தாளியின் வருத்தத்துக்கு என்ன மதிப்பு என்றும் தோன்றியது. தங்கையின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

கடைசி நாள் சிஞ்ஞோரா எங்களைக் கூரைக்கு அடியில் உள்ள பரணுக்குக் கூட்டிப்போனார். ஒரு வாளி, பக்கத்தில் இன்னொரு வாளி. பாரம்பரியக் கட்டடம் என்று பதிவானபின் நினைத்த ஓட்டைப் போட முடியாது. தொல்லியல் கண்காணிப்பு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். வளைவு ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, உடையாததைத் தனியே பிரித்து, கீழடுக்குக்குப் புது ஓடும், கண்ணில் படும் மேலடுக்குக்குப் பழைய ஓடும் வைத்து மறுபடி வேய வேண்டும். பழைய ஓடு போதாவிட்டால், இடிந்த வீட்டுக்காரர் யாரிடமாவது விலைக்கு வாங்க வேண்டும். புதியதைவிடப் பழையதற்கு விலை அதிகம். மாநிலம் முழுவதும் ஒழுகும் கூரைக்காரர்கள் ஒரே ஓட்டுக்குப் போட்டி போடுகிறார்கள்.

கீழே இறங்கி வந்து மேசையில் கணக்கு முடித்தோம். அறை வாடகை, சாப்பாடு, தலைக்கு இவ்வளவு என்று ஊராட்சி வாங்கும் சுற்றுலா வரி. சிஞ்ஞோரா காகிதத்தில் கூட்டிப் போட்டார், பணத்தை எண்ணினார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். எங்கள் பணத்தில் புகைபோக்கியைச் சுற்றி ஒரு முழம் கூரை தேறும் என்றார்.

"அதற்கடுத்த முழம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"அது பிரேசில்காரர்கள் கணக்கு."